கார்க்லூஃப் காட்டுத் தடங்கள்: மண்ணைப் பார்த்துவிட்டு சைக்கிளை இறக்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து என்-3 நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் ஹோவிக். 95 மீட்டர் அருவிக்காக எல்லாருக்கும் தெரிந்த ஊர். அங்கிருந்து கார்க்லூஃப் பக்கம் திரும்பினால் பைன், யூகலிப்டஸ் தோட்டங்களுக்குள் மலைச் சைக்கிளுக்கென்றே வெட்டிய ஒற்றையடித் தடங்கள் கிடைக்கும். டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்திலிருந்தோ டோங்காட்டிலிருந்தோ விடியலில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பலாம். குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஒரு நாள் முழுக்க மரநிழலிலேயே ஓட்ட ஓர் இடம் சொல்லச் சொன்னால் எங்கள் பதில் இதுதான். ஆனால் அந்தச் சிறப்பெல்லாம் மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது.

இங்கே பெரும்பாலும் செம்மண், களி கலந்தது. தடத்தின் ஓரத்தில் ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். கொழுக்கட்டை போலப் பிடிபட்டு, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் அதைவிட நல்ல மண் உலகத்தில் இல்லை. வளைவில் சைக்கிளைச் சாய்த்தால் டயர் தரையைக் கவ்விக்கொள்ளும். உள்ளங்கையில் அப்பிக்கொண்டால் திரும்பி விடுங்கள். அந்தச் சேற்றில் ஓட்டினால் டயர் பள்ளம் பறிக்கும், வெயில் வந்ததும் அது உழவுசால் மாதிரி இறுகிவிடும். அடுத்து வருபவர் முன்சக்கரம் அதில் சிக்கி விழுவார். தடத்தைச் சீர்செய்பவர்கள் மண்வெட்டியோடு பல வாரம் உழைத்ததை ஒரு காலைப்பொழுதில் கெடுப்பது பெரிய அநியாயம்.

நம் மாதக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். தைப்பூசக் காவடி எடுக்கும் நாட்கள் இங்கே நடுக்கோடை, பிற்பகலில் இடி மின்னலோடு மழை. காலை ஆறு மணிக்கு ஓட்ட ஆரம்பித்துப் பதினொன்றுக்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். பெருமழை பெய்திருந்தால் குறைந்தது இரண்டு நாள் பொறுங்கள். பைன் தோட்டத்தின் அடர்நிழலில் ஈரம் இன்னும் ஒரு நாள் கூடுதலாக நிற்கும். சித்திரை, வைகாசிதான் உச்சம்: மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடியில் குளிரும் உறைபனியும், கூடவே வறட்சி. இறுகிய தரைமேல் மாவு போலத் தூசி படிந்திருக்கும், வளைவில் முன்சக்கரம் சொல்லாமல் நழுவும். வறண்ட மாதங்களில் இன்னொரு தொல்லை காட்டுத்தீ. உள்நாட்டுச் சூடான காற்று வீசும் நாட்களில் தோட்டங்களை மூடிவிடுவார்கள். வீட்டிலிருந்து கிளம்புமுன் விசாரித்துக்கொள்வது பெட்ரோலை மிச்சப்படுத்தும். புரட்டாசி விரதத்தில் இருப்பவர்கள் மூன்று மணி நேர ஓட்டத்துக்கு வாழைப்பழம், பேரீச்சம்பழம், ஒன்றரை லிட்டர் உப்புச்சர்க்கரைத் தண்ணீர் எடுத்துக்கொண்டால் கால் பிடிக்காது.

அனுமதிச் சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். தடங்களின் நிறக் குறியை நம்புங்கள். பச்சையில் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம், நீலம் பழகியவருக்கு, சிவப்பும் கறுப்பும் வேர், செங்குத்து, தாவல் எல்லாம் தெரிந்தவருக்கு. மரம் வெட்டும் வேலை எங்காவது நடந்துகொண்டே இருக்கும். ஆகவே போன வருட வரைபடம் இந்த வருடம் பொய் சொல்லும். லாரி ஓடும் மண்சாலையைக் கடக்கும் இடங்களில் நின்று, இடது வலது பார்த்துக் கடந்து செல்லுங்கள்.

இனி சைக்கிள். டயர்தான் முக்கியம். 75 கிலோ எடை உள்ளவருக்கு, 29 அங்குலச் சக்கரத்தில் 2.4 அங்குல அகல டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயர் என்றால், காற்றழுத்தம் முன்னால் 21 அல்லது 22 பி.எஸ்.ஐ., பின்னால் 24 அல்லது 25. சாலையில் ஓட்டும் பழக்கத்தில் 35 வைத்துவிட்டு வருபவர்கள் ஒவ்வொரு வேரிலும் குதித்துக் குதித்து, தடத்தையே குறை சொல்வார்கள். ஒவ்வொரு டயரிலும் சுமார் 100 மில்லி ஸீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிட்டால் முள் குத்தியதும் காற்று முழுக்க இறங்கும். ஏறி உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் (அதிர்வுதாங்கி) முன்னால் 20, பின்னால் 30 சதவீதம் அமுங்க வேண்டும்.

யூகலிப்டஸ் தோட்டத்தில் உரிந்து விழும் பட்டையும் குச்சியும் பின் டிரெய்லியரில் (சங்கிலியைக் கியருக்குக் கியர் மாற்றும் கருவி) சுருட்டிக்கொள்ளும். சங்கிலி இழுக்கிற சத்தம் மாறினால் உடனே மிதிப்பதை நிறுத்துங்கள். இன்னும் ஒரு மிதி மிதித்தால் அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் வளையும், டிரெய்லியர் ஆரக்கம்பிக்குள் போகும். உங்கள் மாடலுக்குரிய ஹேங்கர் ஒன்று, சங்கிலி இணைப்பு ஒன்று பையில் இருந்தே ஆக வேண்டும். ஒரு மாடலின் ஹேங்கர் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

ஈரமான வேரையும் மரப்பாலத்தையும் நேராகக் கடக்க வேண்டும். அவற்றின்மேல் பிரேக்கும் கூடாது, ஹாண்டில் திருப்பலும் கூடாது. வேகத்தைக் குறைப்பது அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் பிரேக் பேட் சூடாகிப் பளபளப்பாகிவிடும், அப்புறம் பிடிக்காது. அழுத்திப் பிடி, விடு, மறுபடி அழுத்து. மழைக்காலத்தில் ரெசின் (பிசின் கலவை) பேட் இந்தக் களிமண்ணில் சீக்கிரம் தேய்ந்துபோகும். சின்டர்ட் (உலோகத்தூள்) பேட் சத்தம் போட்டாலும் நீடிக்கும்.

தாவல்களுக்கும் செங்குத்துகளுக்கும் மட்டும் வருகிறவர்களுக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் கேஸ்கேட்ஸ் சைக்கிள் பூங்காப் பக்கமே பொருத்தம். 2013 மலைச் சைக்கிள் உலகச் சாம்பியன்ஷிப் நடந்த இடம் அது. அந்த ஊரிலேயே பிறந்த கிரெக் மினார் கடைசிப் பகுதியில் பின்டயரில் காற்று இறங்கியும் டவுன்ஹில் (மலையிறக்கப் பந்தயம்) தங்கத்தை விடவில்லை. கார்க்லூஃப் வேறு சுபாவம். தடம் மரங்களுக்கிடையே வளைந்து நெளிந்து ஓடும். ஏற்றங்களை நிதானமாக ஏறி இறக்கத்தை அனுபவிக்கிறவர்களுக்கான காடு. பனிமூட்டப் பகுதியின் இயற்கைக் காடும் பக்கத்திலேயே இருக்கிறது. புல்வெளியில் வாழும், அழியும் நிலையிலுள்ள நீல வண்ணத்துப்பூச்சி ஒன்றுக்குக் கார்க்லூஃப் என்றே பெயர். தடத்தை விட்டு விலகிப் புல்லில் ஓட்டாமல் இருக்க அது ஒன்றே போதுமான காரணம்.

வரும் வழியில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டும் ‘டவுன் ஹில்’ (Town Hill) என்ற சாலை ஏற்றத்தில் மூடுபனி அடிக்கடி இறங்கும். காரின் பின்னால் மாட்டிய சைக்கிள் விளக்கையோ எண் பலகையையோ மறைக்காமல் பாருங்கள், மறைத்தால் அபராதம்.

முடித்ததும் சைக்கிளை வாளித் தண்ணீரும் பிரஷும் கொண்டு கழுவுங்கள். அழுத்த நீரை பேரிங், ஃபோர்க் (முன் அதிர்வுதாங்கி) சீல் பக்கம் அடித்தால் களி உள்ளே புகுந்து உட்கார்ந்துவிடும். வீட்டுக்குப் போனதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுப் பின்புறம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் மெல்லிய முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள். அடுத்த பத்து நாளில் காய்ச்சலும் தலைவலியும் கண்டு, கடித்த இடத்தில் கருத்த பொருக்கு வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போய், காட்டில் ஓட்டினேன், உண்ணி கடித்தது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.