பாக்டீரியாவின் மேற்பரப்பு பற்றிய சனிக்கிழமை வகுப்பு: ஒரு மதிப்புரை

சிங்கப்பூரின் ஒன்-நார்த் வட்டாரத்தில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில், தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கும் பெற்றோருக்குமாக நடத்தப்படும் சனிக்கிழமை வகுப்பில் என் மகளுடன் கலந்துகொண்டேன். பாக்டீரியா தன் மேற்பரப்பை மரபணுக்களின் வழியாக எவ்வாறு மாற்றிக்கொள்கிறது என்பதே பாடம். செய்முறைப் பகுதி ஒன்றுக்காகவே இவ்வகுப்புக்குக் கட்டணம் செலுத்துவது தகும். விளக்கவுரையைத்தான் நடத்துவோர் திருத்தியாக வேண்டும்.

செய்முறைக்கு ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் நோய் உண்டாக்காத கே-12 வகையைப் பயன்படுத்தினார்கள். ஒரு மாதிரி அசைக்காமல் வைத்த திரவத்தில் வளர்ந்தது. மற்றொன்று ஏகார் என்ற கூழ் நிரப்பிய தட்டில் வளர்ந்தது. கண்ணாடித் தகட்டில் ரொட்டி ஈஸ்ட் கரைசல் ஒரு சொட்டு விட்டு, அதில் முதல் மாதிரியைக் கலந்து தகட்டை மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டியபோது, கலங்கலாக இருந்த சொட்டு பால் திரிவதுபோல் கட்டி கட்டியாகப் பிரிந்தது. தட்டில் வளர்ந்த மாதிரி அப்படித் திரளவே இல்லை. பாக்டீரியாவின் உடலிலிருந்து நீளும் ஃபிம்ப்ரியே என்ற மெல்லிய இழைகளின் நுனியில் உள்ள ஃபிம்ஹெச் புரதம், ஈஸ்டின் மேலுள்ள மான்னோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொள்வதே இதற்குக் காரணம். மான்னோஸைத் தனியே கரைத்துச் சேர்த்தவுடன் முதல் மாதிரியும் திரளாமல் நின்றதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

இரண்டு மாதிரிகளுக்கும் மரபணுக்கள் ஒன்றே. இழைகளுக்கான மரபணுக்களை இயக்கும் பகுதி 314 கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டில் இருக்கிறது. அத்துண்டு ஒரு திசையில் இருந்தால் இழைகள் உருவாகும், தலைகீழாகத் திரும்பிவிட்டால் உருவாகா. ஃபிம்பி என்ற நொதி அதை இரு திசைகளிலும் திருப்பும். ஃபிம்இ பெரும்பாலும் நிறுத்தும் திசைக்கே திருப்பும்.

இந்த இடத்தில்தான் விளக்கவுரை தவறியது. "சூழலைப் பார்த்து பாக்டீரியா முடிவெடுக்கிறது" என்று பேச்சாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மையில் ஒவ்வொரு செல்லிலும் அத்துண்டு திரும்புவது தற்செயலானது. வெப்பநிலை போன்றவை அதற்கான வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ மட்டுமே செய்கின்றன. அசையாத திரவத்தில் இழையுள்ள செல்கள் மேற்பரப்பில் ஏடாகப் படிந்து, அங்கே கிடைக்கும் ஆக்சிஜனால் மற்றவற்றைவிட மிகுதியாகப் பெருகுவதால்தான் அந்த மாதிரி முழுவதும் இழையுள்ளதாகத் தெரிகிறது. மாணவர்கள் இந்த இயற்கைத் தேர்வை விளங்கிக்கொள்ளாமல் வீடு திரும்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

சூழலை உணர்ந்து மாறுவதற்கு வேறு நல்ல எடுத்துக்காட்டு அவர்கள் கையிலேயே இருந்தது. சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவில் ஃபோக்யூ புரதம் மக்னீசியம் குறைவதை உணர்ந்து ஃபோபி புரதத்தைத் தூண்ட, அதன் தொடர்ச்சியாக இயங்கும் மரபணுக்கள் வெளிச்சவ்வில் உள்ள லிப்பிட் ஏ என்ற கொழுப்பு மூலக்கூறின் மீது ஒரு அமினோ சர்க்கரையைச் சேர்க்கின்றன; எதிர்மின்னூட்டம் குறைவதால், நேர்மின்னூட்டம் கொண்ட கோலிஸ்டின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்து அதில் எளிதில் ஒட்டுவதில்லை. இதையும், பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தின் வழியே ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, அதே மருந்தை எதிர்க்க உதவும் எம்சிஆர்-1 மரபணு 2015இல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்டதையும் கடைசி நிமிடங்களில் அவசரமாகத் தள்ளிவிட்டார்கள்.

கையுறை, கழிவு அகற்றல் ஆகியவற்றில் குறை சொல்ல இடமில்லை. உயிரியல் படிக்கும் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் தாராளமாகச் செல்லலாம்; உயர்நிலை மூன்றில் இருப்பவர்கள் டிஎன்ஏ பாடத்தை முடித்தபின் செல்வது நல்லது.