55-க்குப் பிறகு: பின்னலா, கொண்டையா, வெட்டா?

யாழ்ப்பாணத்தில் 55, 60 தாண்டிய பெண்களின் தலையைக் கவனித்தால் மூன்று கட்சி தெரியும். பின்னலை விடாதவர்கள், கொண்டைக்குப் போனவர்கள், துணிந்து வெட்டியவர்கள். வெட்டியவர் என்றால் முன்பெல்லாம் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து நிற்பவர் என்று சொல்லிவிடலாம். இப்போது அப்படியில்லை. திருநெல்வேலிச் சந்தையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்குகிற பென்ஷன் ரீச்சர்மாரிலும் கட்டைத் தலை இருக்கிறது.

எது வடிவு என்று கேட்டால் ஆளுக்கொரு தீர்ப்பு. மகள் வீடியோ கோலில் "வெட்டுங்கோ அம்மா, பத்து வயசு குறையும்" என்பாள். பெரியம்மா "இருக்கிற நாலு மயிரையும் வெட்டிப்போட்டு நிக்கப்போறியே" என்பார். இரண்டு பேருமே நீளத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் கணக்கில் நீளம் இரண்டாம் பட்சம். இந்த வயதில் முகம் எடுப்பாகத் தெரிவதும் சோர்ந்து தெரிவதும், மிச்சமிருக்கிற அடர்த்தியைத் தலையின் எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அப்போது மயிர் உதிர்வது மட்டும் அல்ல, முளைக்கிற மயிரே மெலிந்து முளைக்கிறது. ஆண்களைப் போல நெற்றி ஏறிப் போவது குறைவு; பெண்களுக்கு உச்சி வகிடு அகலும், நடுத்தலை ஐதாகும். நரைத்த மயிர் உலர்ந்து முரடாகி, சொன்ன இடத்தில் படியாது. முகத்திலும் கன்னம் இறங்கித் தாடைக்கரை தளரும். ஆகவே உச்சியில் கொஞ்சம் உயரம் வேண்டும், நெற்றியோரம் இளக்கமாக இருக்கவேண்டும், பார்க்கிற கண்ணைக் கீழே இழுக்காமல் இருக்கவேண்டும். மூன்று கட்சியையும் இந்த மூன்றில் உரசிப் பார்க்கலாம்.

முதலில் பின்னல். எங்களுக்குப் பழகியது, செலவில்லாதது. சோளகக் காற்று சுழற்றி அடிக்கிற ஆடியிலும் கலையாது, ஸ்கூட்டியில் போகிறவருக்கு ஹெல்மெட்டோடு சண்டை பிடிக்காது, பூ வைக்க இடம் தரும். அடர்த்தி குறையாத பாக்கியசாலிக்கு 70 வயதிலும் வெள்ளைப் பின்னல் ராஜகளை. ஆனால் அந்தப் பாக்கியம் சிலருக்குத்தான். மற்றவர்களுக்கு மேலே சுமாராகத் தொடங்கி இடுப்பில் எலிவாலாக முடியும். பார்ப்பவரின் கண் அந்த வாலில் போய் நிற்கும். நடு உச்சி பிரித்து, எண்ணெய் வடிய இறுக்கித் தலை இழுத்தால் ஐதான வகிடு இன்னும் பளிச்சென்று தெரியும். எண்ணெய் கூடினால் மெல்லிய மயிர் கற்றை கற்றையாக ஒட்டி இடையில் தோலைக் காட்டும். தேங்காயெண்ணெய் மயிருக்குள் ஊறக்கூடியது, நல்லதுதான். அதை முழுகுவதற்கு முதல் நாள் இரவு வைத்துவிட்டு, வெளியே போகும் நாளில் தலையை உலர விடுவது தோற்றத்துக்கு நல்லது.

பின்னலுக்கு இன்னொரு எதிரி தோள்மூட்டு. கையைப் பின்னால் கொண்டுபோய் மூன்று புரி பின்ன முடியாமல் மகளையோ மருமகளையோ கூப்பிடுகிற பெண்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் வருத்தம் மற்றவர்களைவிடக் கூடுதலாக வரும். பின்னல்தான் வேண்டும் என்பவர் நுனியில் நாலு ஐந்து விரற்கடை வெட்டட்டும். பின்னல் குட்டையாகும், ஆனால் தடித்துத் தெரியும். வகிட்டைச் சற்றுப் பக்கத்துக்கு மாற்றி, காதுக்குக் கீழிருந்து இளக்கமாகப் பின்னத் தொடங்கலாம். சவரி வைத்து நீட்டுவதை நான் விரும்புவதில்லை. ஏற்கெனவே மெலிந்த வேரில் மேலதிகப் பாரம் எதற்கு?

கொண்டைக்கு வருவோம். உண்மையான போட்டி இங்கேதான் இருக்கிறது, கொண்டைக்கும் தோளளவு வெட்டுக்கும் இடையில்.

கொண்டைக்கு இந்த நாட்டில் ஒரு கம்பீரம் உண்டு. 1960-இல் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்காவைச் சேலையும் கொண்டையும் இல்லாமல் நினைக்க முடியுமா? நரைத்த தலைக்கும் கொண்டை பொருந்தும், கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் கலியாண வீட்டுக்கும் பொருந்தும். கழுத்து வெயிலில் வேர்க்காது. மெலிந்த நுனி சுருளுக்குள் மறைந்துவிடுவதால், பின்னலில் காட்டிக்கொடுக்கிற குறையைக் கொண்டை ஒளித்துவைக்கும்.

ஆனால் கொண்டை எங்கே நிற்கிறது என்பதைப் பாருங்கள். பிடரியில் அமுங்கிய கழுத்துக் கொண்டை நீள முகத்துக்கும் மெலிந்த கழுத்துக்கும் நல்லது, அமைதியான தோற்றம். வட்ட முகக்காரி அதையே போட்டு முன்பக்கத்தை வழித்து வாரினால் முகம் இன்னும் வட்டமாகும். அவருக்கு இரண்டு விரல் மேலே, பின்னந்தலையின் நடுவில் வைக்கிற கொண்டை உயரம் தரும். உச்சந்தலையில் தூக்கிப் போடுகிற கொண்டை இளம்பிள்ளைகளுடையது. அது தளர்ந்த தாடையை மேலே இழுத்துக் காட்டும் என்று பார்லரில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. இழுபடுவது நெற்றியோர மயிர்தான். நாளாந்தம் இறுக்கிக் கட்டினால் காதுக்கு முன்னும் நெற்றிக்கரையிலும் மயிர் கழன்று, நாட்பட்டால் திரும்ப முளைக்காமலே போகலாம். கொண்டை போட்டபின் உள்ளங்கையால் உச்சியை மெல்ல முன்னே தள்ளிவிட்டால் ஒரு இளக்கம் வரும். முகத்துக்கு வேண்டிய உயரமும் அதில் கிடைத்துவிடும்.

விடியப்புறம் முழுகிவிட்டு ஈரத்தோடு சுருட்டி முடிந்துகொண்டு கோயிலுக்கு ஓடுவது எங்கள் வழக்கம். நனைந்த மயிர் இழுபட்டு அறுந்துபோகும், முடிச்சுக்குள் நாள் முழுக்க ஈரம் நின்று மணக்கவும் செய்யும். காயும் வரை நுனியில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டு விடலாம். லாஸ்ரிக்கை இறுக்குவதைவிடக் கொண்டை ஊசி மூன்று நாலு குத்துவது மயிருக்குச் சுகம். அடர்த்தி போதாதவருக்கு உள்ளே வைக்கிற வட்டப் பஞ்சு பான்சிக் கடையில் கிடைக்கிறது. நரையோடு சேருகிற சாம்பல் நிறமாகப் பார்த்து வாங்குங்கள். கறுப்புப் பஞ்சு வெள்ளை மயிருக்குள்ளால் எட்டிப் பார்க்கும். அப்புறம் ஹெல்மெட். ஓடுகிறவருக்கும் பின்னால் இருக்கிறவருக்கும் அது கட்டாயம், கொண்டை போட்ட தலையில் அது ஒழுங்காக இறங்காது. கொண்டைக்காக ஹெல்மெட்டைப் பின்னால் சரித்துப் போடுவது விழுந்தால் தெரியும் முட்டாள்தனம். பின்னிக்கொண்டு போய், இறங்கிய இடத்தில் சுருட்டி ஊசி குத்துவதுதான் வழி.

இனி வெட்டு. தோளைத் தொட்டு நிற்கும் நீளம், உச்சிப் பக்கம் மட்டும் கொஞ்சம் படி வைத்து வெட்டியது. என் தெரிவு இதுதான். நுனியின் பாரம் குறைந்தவுடன் உச்சி தானாக எழும்பும். ஈரம் சீக்கிரம் காயும். வலிக்கிற தோளைத் தூக்காமல் வாரலாம். எங்கள் ஊருக்கு முக்கியமான விடயம், வேண்டியபோது கட்டவும் முடியும். தலையை விரித்துக்கொண்டு கோயிலுக்குப் போனால் சொல்லுக் கேட்கவேண்டி வரும். தோளளவு மயிரை ஒரு கிளிப்பில் அடக்கி, சின்னக் கழுத்துக் கொண்டையாக்கி, மல்லிகைச் சரம் ஒன்றும் சுற்றலாம். கூந்தல் உள்ளவள் அள்ளி முடிவாள் என்பார்கள். தோளளவு இருந்தாலும் அள்ளி முடியலாம்.

குறையும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் வெட்டித் திருத்தாவிட்டால் உருக்குலையும். மயிர் மாதம் ஒரு சென்ரிமீற்றர் அளவில் வளர்கிறது, படி வைத்த இடம் அந்த மூன்று மாதத்திலேயே இறங்கிவிடும். படியை மிஞ்சி வெட்டினாலும் ஆபத்து. 25 வயதுப் பிள்ளைக்குப் போடுகிற அடுக்கை 60 வயதுத் தலையில் போட்டால் இருக்கிற அடர்த்தியும் கரைந்து நுனி பிய்ந்த துடைப்பம் போல நிற்கும்.

தாடையளவு பாப் வெட்டை இதோடு குழப்பவேண்டாம். அது தாடைக்கரையில் கோடு கீறியது போல முடிவதால், தளர்ந்த இடத்தையே சுட்டிக் காட்டும். அதைவிட இரண்டு விரல் கீழே முடிந்தால் பிழையில்லை. ஆனால் அந்த நீளத்தைக் கட்டவும் முடியாது, காற்றில் அடக்கவும் முடியாது. பாரத்தோட்டால் காதுத்துளை இழுபட்டவர்களுக்கு அது காதை மறைக்கும் என்பது ஒரு வசதி. நெற்றியில் மயிர் வெட்டி விடுவது சுருக்கத்தை மறைக்கும்தான், மூக்குக்கண்ணாடி போடுபவருக்கு அது கண்ணாடிக்கும் புருவத்துக்கும் இடையில் வேர்வையில் ஒட்டிக்கொண்டு தொந்தரவு. பக்கவாட்டில் ஒதுக்கினால் போதும்.

ஆண்பிள்ளை வெட்டு பற்றிச் சுருக்கமாக: இந்திரா காந்தியின் கட்டைத் தலையும் அதில் ஓடிய வெள்ளைக் கற்றையும் எல்லாருக்கும் ஞாபகம். எலும்பு எடுப்பான முகம், நேரான கழுத்து, ஐந்தாறு கிழமைக்கொரு தரம் வெட்டப் பொறுமை, இந்த மூன்றும் உள்ளவர் தயங்கவேண்டாம். அடர்த்தி மிகவும் போனவருக்கும் அதுவே மரியாதையான தெரிவு. நீளமாக விட்டால்தான் தோல் கூடுதலாகத் தெரியும்.

எந்தக் கட்சியானாலும் நிறத்தைப் பேசாமல் முடியாது. அடர்கறுப்புச் சாயம் அடித்த 65 வயதுத் தலை முகத்தைக் கடுமையாக்குகிறது. மயிர் ஒரு வயதும் தோல் ஒரு வயதுமாகத் தெரியும். ஐதான உச்சியில் கறுப்பு மயிருக்கும் வெளிறிய தோலுக்கும் உள்ள வித்தியாசம் வகிட்டை இன்னும் அகலமாகக் காட்டும். அடிப்பதென்றால் கடும் மண்ணிறம் நல்லது. நடு உச்சியை விட்டுப் பக்க உச்சி எடுத்தால் வேரில் வெள்ளைக் கோடு அவ்வளவு சீக்கிரம் தெரியாது. கறுப்புச் சாயங்கள் பலவற்றில் உள்ள பாரா-பெனிலின்டையமின் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். முகம் வீங்கிப் போகலாம். பத்து வருடம் ஒன்றும் செய்யாத சாயம் பதினோராவது வருடம் செய்யலாம். எனவே ஒவ்வொரு தரமும் 48 மணித்தியாலத்துக்கு முன் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டுப் பூசிப் பார்க்கவேண்டும். மருதோன்றி மட்டும் வைத்தால் நரை செம்மஞ்சளாகும். அதற்கு மேல் அவுரி வைத்தால் இருண்டு வரும். 'கறுப்பு மருதோன்றி' என்று வருகிற பொட்டலத்தில் அதே இரசாயனம் கலந்திருப்பதுண்டு, பெயரை நம்பவேண்டாம். நரையை அப்படியே விடுகிறவருக்கு வேலை குறைவு, ஆனால் வெட்டு ஒழுங்காக இருக்கவேண்டும். ஒழுங்காக வெட்டிய வெள்ளைத் தலை விரும்பி வைத்திருப்பதாகத் தெரியும். வெட்டாதது கவனிப்பாரற்றதாகத் தெரியும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள். சுண்ணாம்புக்கல்லில் ஊறிவரும் கடின நீர். சவர்க்காரம் போட்டு முழுகினால் படலமாக மயிரில் ஒட்டி வெள்ளையை மங்கலாக்கும். சீயக்காயோ ஷாம்புவோ போட்டு, கடைசியில் ஒரு செம்புத் தண்ணீரில் அரைத் தேசிக்காய் பிழிந்து ஊற்றினால் பளபளப்பு வரும். தலையில் புண் இருந்தால் தேசிக்காய் எரியும், அப்போது வேண்டாம்.

டெங்கு போன்ற கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதென்றால் அந்த நேரம் அவசரப்பட்டு வெட்டத் தேவையில்லை, பெரும்பாலும் திரும்பி வரும். வட்ட வட்டமாகக் கொட்டினால், அல்லது களைப்போடு சேர்ந்து கொட்டினால் பார்லருக்கு முன் வைத்தியரிடம் போங்கள். இரும்புச்சத்தும் தைரொயிட்டும் பார்க்கச் சொல்வார்கள்.

பார்லரில் கதிரையில் இருந்தவுடன் பிள்ளை "அன்ரி, எவ்வளவு வெட்டட்டும்?" என்று கேட்கும். அப்போது தலை எண்ணெய் இல்லாமல், காய்ந்து, நீங்கள் வழக்கமாகப் பிரிக்கிற உச்சியோடு இருக்கவேண்டும். போனில் உங்கள் வயதுக்காரியின் படம் ஒன்றைக் காட்டுங்கள், நடிகையின் படத்தை அல்ல. "கட்டக்கூடிய நீளம் விடு பிள்ளை, மேலே மட்டும் படி வை" என்று சொல்லுங்கள். முதல் தரம் சொன்னதைவிட ஒரு விரல் நீளமாகவே நிறுத்தச் சொல்லுங்கள், மிச்சத்தை அடுத்த கிழமை வந்து எடுக்கலாம்.