கியூ ஆவணக் காப்பகம்: போய் வந்தவரின் குறிப்பு

மலையகத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றைத் தேடுகிறவர்கள் ஒருநாள் லண்டனில் கியூவுக்குப் போயே ஆக வேண்டும். இலங்கை ஆளுநர்கள் பிரிட்டிஷ் அரசின் காலனி அலுவலகத்துக்கு எழுதிய கடிதங்கள் சி.ஓ. 54 என்ற வரிசையில் அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கின்றன.

நுழைவு இலவசம். வாசகர் அட்டைக்குப் பெயருக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என இரண்டு சான்றுகள் கொண்டுபோங்கள். பேனா, தண்ணீர் பாட்டில், ரப்பர் வைத்த பென்சில் எதையும் உள்ளே விடமாட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கேட்ட ஆவணக் கட்டு வந்து சேரும் விதம். கணினியில் அதன் எண்ணைக் கொடுத்தால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நம் இருக்கை எண் போட்ட பெட்டிக்குள் வந்துவிடும். "இன்னும் வரலையா?" என்று யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை. முன்கூட்டியே பதிந்துவிட்டுப் போனால் இந்தக் காத்திருப்பும் மிச்சம்.

அப்புறம் மேசை. தடித்த தொகுதியின் முதுகு ஒடியாமல் சாய்த்து வைக்க நுரைத் துண்டுகள், தாள் புரளாமலிருக்கத் துணிக்குள் பாரம் தைத்த நீளக் கயிறு, கேமராவைப் பொருத்த ஸ்டாண்ட். நம் கேமராவில் படமெடுக்கக் கட்டணம் கிடையாது. கைக்காசு போட்டு வருகிறவருக்கு இதைவிட என்ன உதவி வேண்டும்? பகலில் எடுத்ததை இரவு அறையில் உட்கார்ந்து வாசிக்கலாம். காப்பித் தோட்டக் காலத்துக் கடிதம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், அதை வாங்கிப் படித்த லண்டன் அதிகாரி ஓரத்தில் கிறுக்கியிருந்த குறிப்பு எனக்குப் பிடிபட்டது. வாசிப்பறை அவசரத்தில் அதைத் தாண்டிப் போயிருப்பேன்.

வேறொரு காப்பகத்தில் காலையில் சீட்டு எழுதிக் கொடுத்தேன். "கட்டு இடத்தில் இல்லை" என்று சாயங்காலம் பதில் வந்தது. ஊழியர்கள் பாவம், தேடத்தான் செய்தார்கள். எடுத்த கட்டு எங்கே போனது என்று பார்க்க அவர்களிடம் பதிவேடு இல்லை. படமெடுக்கவும் அனுமதியில்லை, நகலுக்குத் தனி விண்ணப்பம். சரி, கணினிமயமாக்கப் பணம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். வெளிச்சம் பாய்ச்சாமல் கைபேசியில் படமெடுத்துக்கொள்ள விடுவதற்கு என்ன செலவு? ஓர் உத்தரவு போதும். தூரத்திலிருந்து வருகிற மாணவர்களுக்கு அந்த ஒன்றையாவது செய்து கொடுங்கள்.

கியூ போகிறவர்கள் செவ்வாயிலிருந்து சனிக்குள் திட்டமிடுங்கள். ஞாயிறும் திங்களும் திறப்பதில்லை.