5 அடி டேங்குக்கு எந்த லோச்: க்ளவுனா, யோயோவா, ஸீப்ராவா?

ஹால்ல 5 அடி டேங்க் வந்து எட்டு மாசம் ஆச்சு. 5க்கு 2க்கு 2, கணக்குப்படி 560 லிட்டர் சொச்சம், மண்ணு கட்டை கல்லெல்லாம் போக ஒரு 480 லிட்டர் தண்ணி நிக்குது. மேல ரெயின்போ மீன், நடுவுல மிஸ் கேரளான்னு சொல்ற மீன் பத்து, ஆனா தரை மட்டும் வெறிச்சோடி கிடந்துச்சு. மதுரையிலேர்ந்து வந்த எங்கம்மா ரெண்டு நாள் பார்த்துட்டு "ஏன்டா, அடியில திரிய ஒரு அயிரை கூட இல்லாம என்ன மீன் வளக்குற"ன்னு கேட்டுட்டாங்க. அவங்களுக்கு அயிரைன்னா உயிரோட வாங்கி, தேங்காப்பால்ல விட்டு மண்ண கக்க வெச்சு, அப்புறம் குழம்பு. ஆனா கேட்ட கேள்வி கரெக்ட். நாம லோச்னு சொல்றதெல்லாம் அயிரையோட சொந்தக்காரங்கதான்.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எதை விடுறதுன்னு மண்டைய பிச்சுக்கிட்டேன். இங்க பெங்களூர் சிவாஜிநகர்ல நாலு மீன் கடை ஏறி இறங்குனா ஒவ்வொருத்தரும் தங்கிட்ட ஸ்டாக் இருக்கறதத்தான் பெஸ்ட்னு சொல்றாங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், நான் இங்க பேசுறது கூட்டமா வாழுற லோச் பத்தி மட்டும். இதுங்கள ஒண்ணு ரெண்டா வாங்கினா பாவம். ஒண்ணு மூலையில ஒடுங்கி கிடக்கும், இல்ல மத்த மீன துரத்தி துரத்தி உயிரை வாங்கும். குறைஞ்சது அஞ்சாறு வேணும். அதனால "ஒரு மீன் எவ்வளவு பெருசாகும்"னு கேக்கறதோட நிறுத்தாதீங்க, அதே சைஸ்ல ஆறு இந்த டேங்குல ஓடினா எப்படி இருக்கும்னு யோசிங்க.

முதல்ல க்ளவுன் லோச், ஏன்னா எல்லாருக்கும் ஆசை அதுலதான். ஆரஞ்சு உடம்பு, மூணு கருப்புப் பட்டை, சிவப்பு வால், கடையில 2 இஞ்ச் சைஸ்ல கும்பலா நிக்கும்போது பார்த்தா பர்ஸ் தானா திறக்கும். ஊரு இந்தோனேசியா, சுமத்ரா, போர்னியோ தீவு ஆறுங்க. 1852-ல ப்ளீக்கர்ங்கறவர் பேர் வெச்சது, 2004-ல கோட்டெலாட் இதுக்குன்னே குரோமோபோட்டியான்னு தனி ஜீனஸ், அதாவது பேரினம், ஒதுக்கிட்டாரு, மத்த போட்டியா கூட்டத்துல இப்ப இது இல்ல. இது 20 வருஷம், அதுக்கு மேலயும் வாழும், டேங்குலயே 8 இஞ்ச் தாண்டும், ஆத்துல ஒரு அடி வரைக்கும் போகும். ஆனா வளர்ச்சி ரொம்ப ஸ்லோ, முதல் ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு நத்தை வேகம்தான், அந்த ஸ்லோதான் ஆளை ஏமாத்துது, "இது இவ்வளவுதான் வளரும் போல"ன்னு நினைச்சுக்கிட்டே இருப்போம்.

என் கதையவே சொல்றேன். ஆறு வருஷம் முன்னாடி ஒரு கடைக்காரர் "அண்ணா, இது 3 இஞ்சுக்கு மேல போகாது"ன்னு அடிச்சு சொன்னாரு, நானும் நம்பி 3 அடி டேங்குல மூணு க்ளவுன் விட்டேன். டிசம்பர் மாசம், ராத்திரி கரண்ட் போச்சு, காலையில தண்ணி 19 டிகிரி. மூணாம் நாள் உடம்பெல்லாம் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. இச்னு சொல்ற ஒயிட் ஸ்பாட் முதல்ல க்ளவுனத்தான் பிடிக்கும், குளிர்ல கொஞ்சம் அடிபட்டாலே போதும். நான் பதட்டத்துல மருந்தை பாட்டில்ல போட்ட ஃபுல் டோஸ் ஊத்திட்டேன். க்ளவுனுக்கு செதில் ரொம்ப பொடி, கிட்டத்தட்ட வெறும் தோல், மலக்கைட் க்ரீன் காப்பர் மாதிரி மருந்தெல்லாம் சட்டுனு ஏறிடும். ரெண்டு போச்சு. மிச்சம் இருந்த ஒண்ணு, மூணு வருஷமா தனியா கட்டைக்கு அடியிலயே கிடந்துச்சு, கடைசியில வைட்ஃபீல்டுல இருக்கற என் மச்சான் வீட்டு 6 அடி டேங்குக்கு கொடுத்தேன், அங்க ஏற்கனவே ஏழு க்ளவுன். போன ஒரே வாரத்துல வெளிய வந்து அதுங்களோட சேர்ந்து மேல கீழ நீந்துது. அதை பார்த்தப்புறம்தான் எனக்கே கொஞ்சம் குற்ற உணர்ச்சி.

இச் வந்தா இப்ப என்ன பண்ணுவேன்னா, டெம்பரேச்சர மெதுவா 30-க்கு ஏத்துவேன், கூடவே ஏர் பம்ப், ஏன்னா சூடான தண்ணியில ஆக்சிஜன் கம்மி, மருந்து போட்டே ஆகணும்னா பாதி டோஸ். உடம்புல ஒட்டியிருக்கற புள்ளிய மருந்து ஒண்ணும் பண்ணாது, அது கீழ விழுந்து, பெருகி, குட்டி குட்டியா நீந்தி அடுத்த மீனை தேடுற நேரத்துலதான் சாகும். சூட்டுல அந்த சுத்து சீக்கிரம் முடியும், குளிர்ல வாரக்கணக்கா இழுக்கும். புள்ளி போயிடுச்சேன்னு அன்னைக்கே நிறுத்தினா திரும்ப வரும்.

மச்சான் டேங்க பார்த்தா க்ளவுன் மேல பொறாமையாத்தான் இருக்கு, அதையும் மறைக்கல. சாப்பாடு போட்டா டிக் டிக்னு சத்தம் போடும், ஹால்ல டிவி ஆஃப்ல இருந்தா சோஃபாவுலேர்ந்தே கேக்கும். செத்த மாதிரி ஒருக்களிச்சு படுத்து தூங்கும், புதுசா வர்றவங்க பதறிப் போய் நம்மள கூப்பிடுவாங்க. சாதுதான், பெரிய மீனோட நல்லா ஒத்துப்போகும். ஆனா 6 அடிக்கு கீழ டேங்க் வெச்சிருக்கறவங்க, 20 வருஷம் வீடு மாறாம இருப்போம்னு சொல்ல முடியாதவங்க, அதாவது பெங்களூர்ல வாடகை வீட்டுல இருக்கற நம்மள்ல பாதி பேர், இதை விட்டுடறது நல்லது.

யோயோ லோச் அடுத்து. இது நம்ம நாட்டு மீன், வடக்கே கங்கை பக்கத்து ஆறுங்கள்ல இருக்கறது, போட்டியா அல்மோரேன்னு 1831-ல க்ரே வெச்ச பேரே உத்தரகாண்ட் அல்மோரா ஊர்லேர்ந்து வந்தது. கடையில பாகிஸ்தானி லோச்னும் சொல்வாங்க. சின்னதுல உடம்புல ஓய் ஓ ஓய் ஓன்னு இங்கிலீஷ்ல எழுதின மாதிரி கோடு, வளர வளர அது கலைஞ்சு வலை மாதிரி ஆயிடும். 5, 6 இஞ்ச் வரும். தண்ணிக்கு ரொம்ப அலட்டிக்காது, போர் தண்ணிய கொஞ்சம் கலந்தாலும் தாங்குது, டேங்குல பெருகுற நத்தையா, ஒரு மாசத்துல தின்னு காலி. குணம்னு பார்த்தா தெருவுல கிரிக்கெட் ஆடுற பசங்க மாதிரி, எந்நேரமும் ஒருத்தன ஒருத்தன் இடிச்சுக்கிட்டு, யாரு லீடர்னு சண்டை போட்டுக்கிட்டு, சண்டை முத்தினா கலர் அப்படியே மங்கி சாம்பலாயிடும், பத்து நிமிஷத்துல திரும்ப வந்துடும், அதை பார்த்து பயப்பட வேண்டாம்.

பிரச்சினை என்னன்னா அந்த ரவுடித்தனம் கூட்டத்துக்குள்ளயே நிக்காது. ஆபீஸ்ல ஒரு ஃப்ரெண்ட் 4 அடி டேங்குல மூணே மூணு யோயோ, கூட நாலு ஏஞ்சல். ரெண்டு மாசத்துல ஏஞ்சலோட துடுப்பெல்லாம் கிழிஞ்ச கொடி மாதிரி தொங்குச்சு. ஆறா வாங்கியிருந்தா சண்டை தங்களுக்குள்ளயே பிரிஞ்சு போயிருக்கும், ஆனாலும் ஏஞ்சல், ஃபைட்டர், கப்பின்னு துடுப்பு நீளமா, மெதுவா நீந்துற எதுவும் கூட வேண்டாம். வேகமா ஓடுற பார்ப், ரெயின்போ, டானியோவோட இருந்தா யோயோ சூப்பர். டேங்க் 5 அடி, காவேரி தண்ணி அடிக்கடி கட் ஆகி டேங்கர்ல ஓடுற அபார்ட்மென்ட், கூட இருக்கற மீனும் சுறுசுறுப்பு, இப்படின்னா நான் யோசிக்காம யோயோதான் சொல்வேன். 2024 வெயில் காலத்துல டேங்கர் தண்ணிய நம்பி மீன் வளர்த்தவங்களுக்கு நான் சொல்றது புரியும், அப்ப தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்குற என் டிடிஎஸ் பேனா காட்டின நம்பர் ஒரு நாள் ஒண்ணு, மறுநாள் அதுல டபுள்.

இப்ப ஸீப்ரா. இதுக்கும் பெங்களூருக்கும் ஒரு தொடர்பு இருக்கறதே எனக்கு தேடும்போதுதான் தெரிஞ்சுது. போட்டியா ஸ்ட்ரியாட்டான்னு 1920-ல இதுக்கு பேர் வெச்சவர் சி. ஆர். நாராயண் ராவ், இங்க சென்ட்ரல் காலேஜ்ல விலங்கியல் ப்ரொஃபசரா இருந்தவர், கரண்ட் சயின்ஸ் பத்திரிகையோட முதல் எடிட்டரும் அவர்தான். மெஜஸ்டிக் பக்கம் போகும்போதெல்லாம் தாண்டிப் போற காலேஜ்! மீன் மேற்குத் தொடர்ச்சி மலையிலேர்ந்து கிழக்கே இறங்குற ஆறுங்கள்ல இருக்கு, துங்கா அதுல ஒண்ணு, வடக்கே மகாராஷ்டிரா வரைக்கும் போகுது. உடம்பு பூரா மெல்லிசா சரிஞ்ச கோடு, வாட்ஸப்ல வர்ற கண்ண ஏமாத்துற படம் மாதிரி, ரெண்டு மீன் பக்கத்துல நின்னா எது எதோட வால்னு தெரியாது. மூணு, மூணரை இஞ்ச், அதுக்கு மேல பெருசா போகாது. போட்டியா குடும்பத்துலயே இதுதான் சாதுன்னு சொல்வேன், தங்களுக்குள்ள தள்ளுமுள்ளு உண்டு, மத்தவங்கள சீண்டாது.

எனக்கு முடிவை திருப்பினது டெம்பரேச்சர். க்ளவுனுக்கு 26-லேர்ந்து 30 வேணும், பெங்களூர் டிசம்பர் ராத்திரி வெளிய 15, 16-க்கு இறங்கும், என் டேங்க் சைஸுக்கு 300 வாட் ஹீட்டர் ரெண்டு, கரண்ட் போனா அதோ கதி. ஸீப்ராவுக்கு 23-லேர்ந்து 26 போதும், மலை ஓடையில வளர்ந்தது, மிஸ் கேரளாவுக்கும் அதே க்ளைமேட்தான் பிடிக்கும், ரெயின்போ 24, 25-ல நல்லாவே இருக்கும். வருஷத்துல ஒன்பது மாசம் ஹீட்டர் ஸ்விட்சையே தொட வேண்டியதில்ல. க்ளவுனும் மிஸ் கேரளாவும் ஒரே டேங்குல வெச்சா ஒருத்தருக்கு குளிரும், இன்னொருத்தருக்கு வேர்க்கும்.

ஆனா ஒரு உறுத்தல் இருக்கு. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் லிஸ்ட்ல இது எண்டேஞ்சர்ட், அழியற அபாயத்துல இருக்கற மீன். பண்ணையில ஹார்மோன் போட்டு இனப்பெருக்கம் பண்ணி வர்றதும் இருக்கு, ஆத்துல பிடிச்சு வர்றதும் இருக்கு. ஒரே சைஸ்ல, வயிறு நல்லா இருக்கற குட்டிங்க பண்ணை மீனா இருக்க வாய்ப்பு அதிகம், பல சைஸ்ல மெலிஞ்சு போய் கிடந்தா ஆத்து மீன்னு சந்தேகப்படலாம், இது ஒண்ணும் கேரண்டி இல்ல. நான் பண்ணை மீன்தான்னு வாங்கித் தர்ற ஆள் கிடைக்கற வரைக்கும் ஏழு வாரம் காத்திருந்தேன். அந்த பொறுமை இல்லைன்னா யோயோ வாங்கிக்கோங்க, தப்பில்ல.

மத்ததெல்லாம் சுருக்கமா. குஹ்லி லோச், பாம்புக் குட்டி மாதிரி, பரம சாது, 10 வாங்கி விடுங்க, அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை பார்ப்பீங்க, சின்ன டேங்குக்கு அருமை, 5 அடியில தொலைஞ்சே போகும். தாய்லாந்து ட்வார்ஃப் செயின் லோச், 2 இஞ்ச் சொச்சம், கூட்டமா நடு தண்ணியில நீந்தும், கிடைச்சா நானே மாறிடுவேன், ஆனா இங்க கண்ணுல படுறதே அபூர்வம், பட்டா விலை கேட்டு வந்துட வேண்டியதுதான். பெங்கால் லோச், அதான் அங்க ராணி மாச்னு குழம்பு வெக்கறது, அழகு, ஆனா குணத்துல யோயோ பக்கம். முதுகுல ஒத்தைக் கருப்பு கோடு போட்ட ஸ்கங்க் லோச்ச மட்டும் யாரு ஃப்ரீயா கொடுத்தாலும் கம்யூனிட்டி டேங்குல விடாதீங்க, மத்தவங்க துடுப்பை கடிச்சே தின்னுடும்.

எதை வாங்கினாலும் ரெண்டு விஷயம். தரைக்கு எம் சாண்ட் வேண்டாம், வீடு கட்ட நல்லது, மீசைக்கு கத்தி, உருண்ட மணலா பார்த்து போடுங்க. அப்புறம் வலையில பிடிக்காதீங்க, கண்ணுக்கு கீழ மடக்கு கத்தி மாதிரி ஒரு முள்ளு இருக்கு, பயந்தா விரிச்சுடும், வலையில மாட்டினா உங்களுக்கும் அதுக்கும் ரத்தம்தான். ஐஸ்க்ரீம் டப்பாவ வெச்சு மெதுவா ஓட்டி பிடிக்கணும், பெரிய க்ளவுனா இருந்தா கவர் ரெண்டு போட்டு கட்டச் சொல்லுங்க, ஒத்தைக் கவரை குத்தி ஓட்டை போட்டுடும்.

எட்டு ஸீப்ரா வாங்கினேன். தனி டேங்குல நாலு வாரம் வெச்சிருந்து, வயிறு ஒட்டிப் போன ரெண்டுக்காக எல்லாத்துக்கும் லெவாமிசோல்ங்கற புழு மருந்து கொடுத்துட்டு, அப்புறம்தான் பெரிய டேங்க். முதல் வாரம் ஒண்ணு கூட வெளிய வரல, வீட்டுக்காரி "காலி டேங்குக்கு இவ்வளவு செலவா"ன்னு கேட்டா. பத்தாம் நாள் காலையில மணல் மேல காலியான நத்தை ஓடா சிதறிக் கிடந்துச்சு, குட்டி குட்டி சுருள், உள்ள சுத்தமா வழிச்செடுத்திருக்கு. இப்ப சாயங்காலம் ஆறரைக்கு லைட் மங்கினா எட்டும் கண்ணாடிக்கு வந்து மேலயும் கீழயும் ஓடுது, வெள்ளரிக்கா துண்டு போட்டா அரை மணி நேரத்துல நடுவுல ஓட்டை.

ஒளிஞ்சுக்க ஹார்ட்வேர் கடையில 1 இஞ்ச் பிவிசி பைப் வாங்கி அஞ்சு துண்டா அறுத்து போட்டிருந்தேன், ஆளுக்கு ஒண்ணு இல்லைனாலும் ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு கணக்கு. நாலு பைப் இன்னும் காலியாத்தான் கிடக்கு. எட்டும் ஒரே பைப்புல, ரெண்டு பக்கமும் மீசையும் வாலுமா பிதுங்கிக்கிட்டு.