கைக்குழந்தைக்கு மெடிக்கலில் க்ரீம் வாங்குபவர்கள் கவனத்துக்கு

பெரம்பூர் பக்கம் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

என் மகளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது அரைஞாண் கயிறு படும் இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம் வந்தது. தெருமுனை மெடிக்கலில் காட்டினோம். "டயப்பர் அலர்ஜிதான், இதைப் போடுங்கம்மா, ரெண்டே நாள்ல போயிடும்" என்று ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தார். போட்டதும் சிவப்பு வடிந்தது. நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாக வந்தது. போய்க் கேட்டால், விடாமல் போடணும் என்று இன்னொரு ட்யூபை நீட்டினார். அப்புறம் போன கிளினிக்கில் டாக்டர் டயப்பரை முழுசாக விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. எக்ஸிமா, அதாவது ஒருவகைத் தோல் அழற்சி என்று சொல்லி அதே ரக மருந்தை வேறு பெயரில் எழுதினார். பூஞ்சையாக இருக்குமோ என்று கேட்டதற்கு, "இந்த வயசுல படர்தாமரை வராது" என்றார்.

வரும். கைக்குழந்தைக்கு அபூர்வம்தான், ஆனால் வீட்டில் பெரியவர்களுக்கு இருந்தால் தூக்கி வைத்துக்கொள்வதிலும் ஒரே துண்டால் துடைப்பதிலும் ஒட்டிக்கொள்ளும். ஸ்டான்லி மருத்துவமனை தோல் பிரிவில் வட்டத்தின் ஓரத்துச் செதிலை மெதுவாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். குழந்தை அழக்கூட இல்லை. பூஞ்சை இழைகள் தெரிந்தன. என் மாமியாருக்குத் தொடையில் இருந்ததும் அதேதான். இவ்வளவு எளிய பரிசோதனையைச் செய்யாமலே மருந்து எழுதினார்களே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த ட்யூபில் இருந்தது க்ளோபெட்டசால் என்ற மிக வீரியமான ஸ்டீராய்டு. கூடவே ஒரு ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், பூஞ்சை மருந்து கலந்திருந்தாலும் உள்ளே பூஞ்சை பாட்டுக்குப் பரவும். வட்டத்தின் ஓரம் கலைந்துபோய் டாக்டருக்கே அடையாளம் பிடிபடாது. டயப்பருக்குள் பூசினால் மருந்து இன்னும் அதிகமாக உடம்பில் இறங்கும். தோல் மெலிவதோடு, உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பியின் வேலையையே முடக்கிவிடலாம். க்ளோபெட்டசால் க்ரீம் ஷெட்யூல் எச் பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது.

இப்போது ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை க்ரீம் மட்டும், மாமியாருக்கும் சேர்த்து வைத்தியம். கயிற்றைக் கழற்றிவிட்டோம், துண்டுகள் தனித்தனி. பழைய க்ரீமை நிறுத்தியதும் முதலில் சிவப்பு ஏறத்தான் செய்தது. டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. மகளுக்குத் தோல் தெளிந்து வருகிறது.

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதியிருக்கிறேன். கடையில் பில் கேட்டபோது "ஒரு ட்யூபுக்கெல்லாம் பில்லா?" என்று தர மறுத்துவிட்டார்கள். அதனால் காலி ட்யூபையே இணைத்திருக்கிறேன்.