“எங்கிட்டு எடுத்த வண்டி சார்?”: மதுரையில் ஒரு கூலிங் காயிலுக்காக ஆறு நாள்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த மூன்று வார விடுப்பில் ஆறு நாள் ஒரு கூலிங் காயிலுக்குப் போனது. கார் ஏ.சி.யில் காற்றைக் குளிர்விக்கும் பாகம் அது. மற்ற நாட்களில் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது சர்வீஸ் சென்டர் வாசலில் கேட்ட முதல் கேள்வியைப் பற்றித்தான். “எங்கிட்டு எடுத்த வண்டி சார்?”

சென்னையில் எடுத்த வண்டி. அப்பா பெயரில் பதிவு, நம்பர் பிளேட் டி.என். 59. வயது பதினான்கு மாதம், ஓடியது 9,200 கிலோமீட்டர். கம்பெனி வாரண்டி மூன்று வருடம். ஏ.சி. போட்டதும் பத்து நிமிடம் குளிர்கிறது, அப்புறம் வெறும் காற்றுதான். சித்திரை வெயிலில் திருப்பாலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் பெரியவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

நம்பர் பிளேட் மதுரையாக இருப்பதால் சென்னையில் வாங்கியது தெரியாது என்று நினைக்க வேண்டாம். பதினேழு எழுத்து, எண் கொண்ட சேஸிஸ் நம்பரை கம்ப்யூட்டரில் அடித்ததும் விற்ற டீலர் யார், டெலிவரி தேதி என்ன, எந்தெந்த சர்வீஸ் ஆகியிருக்கிறது என்று எல்லாம் வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் சர்வீஸ் அட்வைசர் சொன்னார்: “நாங்க விக்காத வண்டிக்கு வாரண்டி போட முடியாதுங்கய்யா. எடுத்த இடத்துலயே காட்டுங்க. இல்லாட்டி ஏ.சி.க்கு கேஸ் ஏத்தித் தர்றோம், பில்லு மட்டும் கட்டிருங்க.” எடுத்த இடம் 450 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டியவரிடம் இதை நிற்க வைத்துச் சொல்கிறார்கள்.

அந்தப் பதில் தவறு. வாரண்டி கொடுப்பது கார் செய்த கம்பெனி, டீலர் அல்ல. வண்டியோடு வரும் வாரண்டி புத்தகத்தைப் புரட்டினால், நாட்டில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட எந்த டீலரிடமும் வேலை செய்துகொள்ளலாம் என்று இருக்கும். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அப்பா, அம்மா போனில் வைத்துவிடுங்கள். கவுன்டரில் வாயால் வாதாடுவதைவிட அந்தப் பக்கத்தைக் காட்டுவது பலிக்கும்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்விக்கு ஒரு நியாயம் உண்டு. அங்கே பெரும்பாலும் ஒரு பிராண்டுக்கு ஒரே அதிகாரபூர்வ விநியோகஸ்தர்தான். அவர் வழியாக வராமல் பேரலல் இம்போர்ட் செய்த வண்டிக்கு, இறக்குமதி செய்தவர்தான் வாரண்டி தருவார்; அதிகாரபூர்வ டீலர் கைவிரிக்கலாம். இங்கே அப்படி இல்லை. ஒரே கம்பெனி, ஒரே தொழிற்சாலை, ஒரே நாடு, ஒரே மாநிலம். சென்னை ஷோரூமுக்கும் மதுரை ஷோரூமுக்கும் மேலே ஒரே போர்டு. 1911-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மோட்டார் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்ட ஊர் மதுரை. அம்பாசிடரும் பியட்டும் ஓடிய காலத்தில் பானட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மெக்கானிக் வாயைத் திறப்பார். வண்டி எங்கே வாங்கியது என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஊரில் இப்படி ஒரு பதில் வருவது மனதைச் சுடுகிறது.

டீலர் ஏன் மறுக்கிறார் என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வழி தெரிந்துவிடும். வாரண்டி வேலைக்குக் கம்பெனி ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று வரையறுத்து, தன் கணக்குப்படிதான் கூலி தரும். வாடிக்கையாளரிடம் வாங்கும் கூலியைவிட அது பெரும்பாலும் குறைவு. கழற்றிய பழைய பாகத்துக்குச் சீட்டுக் கட்டி, கம்பெனி ஆள் வந்து பார்க்கும் வரை வைத்திருக்க வேண்டும். ‘இது உற்பத்திக் கோளாறு இல்லை’ என்று கம்பெனி சொல்லிவிட்டால் செலவு டீலர் தலையில் விழும். வண்டி விற்றவருக்கு விற்பனை லாபம், இன்சூரன்ஸ், சீட் கவர், மேட் என்று வருமானம் ஏற்கெனவே வந்திருக்கும். விற்காதவருக்கு இந்தக் கூலி மட்டும்தான்.

கூலிங் காயில் என்றால் தயக்கம் இன்னும் கூடும். காயில் இருப்பது டேஷ்போர்டுக்குப் பின்னால். பேட்டரியைக் கழற்றி, ஏர்பேக் மின்சாரம் அடங்கச் சில நிமிடம் காத்திருந்து, ஸ்டீயரிங்கையும் டேஷ்போர்டையும் இறக்கினால்தான் பல வண்டிகளில் கை எட்டும். ஒரு ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை. அதே நேரத்தில் நாலைந்து வண்டிக்குப் பணம் வாங்கி ஆயில் சர்வீஸ் செய்துவிடலாம். ‘கேஸ் மட்டும் போட்டுத் தர்றோம்’ என்ற பேச்சின் வேர் இதுதான்.

அந்தப் பேச்சுக்கு மட்டும் தலையாட்டி விடாதீர்கள். ஏ.சி.யில் ஓடும் ஆர்-134ஏ கேஸ் தானாகத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. ஒரு வருடத்தில் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கேஸை அழுத்திச் சுற்றவிடுவது கம்ப்ரஸர். கேஸோடு சேர்ந்துதான் அதன் ஆயிலும் சுற்றுகிறது; கசிவில் அதுவும் போகும். கசிவை அடைக்காமல் மாதா மாதம் கேஸ் ஏற்றினால் கடைசியில் கம்ப்ரஸர் வறண்டு இறுகும். கூடவே, நீங்கள் பணம் கட்டிய பில் ஒன்று பதிவாகிவிடும். கசிவு என்ற புகாரே பதிவாகாது. வாரண்டி முடிந்த பிறகு “அப்ப ஒண்ணும் சொல்லலையே” என்பார்கள்.

கேட்க வேண்டியது கசிவுச் சோதனை. நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைக் கேஸோடு விட்டு, ஓரிரு நாள் ஓட்டிப் பார்ப்பது இன்னொன்று. கசிவு முன்பக்கக் கண்டென்ஸரில் (கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்), கல் பட்ட தடத்தோடு இருந்தால் வாரண்டி கிடைக்காது. அது வெளி அடி, அங்கே டீலர் சொல்வது சரி. இணைப்பு, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், கம்ப்ரஸர் சீல், கூலிங் காயில் என்றால் வாரண்டிக்குள் வரும்.

எல்லாவற்றுக்கும் முதல் படி ஜாப் கார்டு, அதாவது வண்டியை வேலைக்கு எடுக்கும்போது புகாரைப் பதிவு செய்து போடும் சீட்டு. வண்டியை உள்ளே விடாமல் வாசலிலேயே திருப்பி அனுப்புவதில் டீலருக்கு ஒரு வசதி இருக்கிறது: ஜாப் கார்டு இல்லாவிட்டால் கம்பெனியின் கணக்கில் அப்படி ஒரு புகாரே இல்லை. அதனால் “வாரண்டி உண்டா இல்லையான்னு அப்புறம் பேசலாம்ணே, முதல்ல ஜாப் கார்டு போடுங்க” என்று கேளுங்கள். புகார் பகுதியில் ‘ஏ.சி. செக்கப்’ என்று எழுத விடாதீர்கள். ‘பத்து நிமிடத்துக்குப் பின் குளிர்ச்சி இல்லை, கசிவுச் சோதனை வேண்டும்’ என்று உங்கள் வார்த்தையிலேயே இருக்கட்டும். கையெழுத்துப் போடுமுன், கட்டணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இங்கே நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பல இடங்களில் ஜாப் கார்டுக்கு ஓ.டி.பி. வரும். வண்டி வாங்கும்போது கொடுத்த இந்திய நம்பர், நாம் விமானம் ஏறியபின் ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கும். ஊரில் இருப்பவர்களின் நம்பரை டீலர் கணக்கிலும் ஆர்.சி.யிலும் மாற்றிவிட்டுத் திரும்புங்கள்.

ஜாப் கார்டும் மறுத்தால், எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள். அன்று மாலையே கம்பெனியின் இலவச எண்ணுக்கு அழைத்து சேஸிஸ் நம்பர், கிலோமீட்டர், எந்த டீலர், எத்தனை மணிக்கு, என்ன சொல்லி மறுத்தார் என்று வரிசையாகச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். அதே விவரத்தை மெயிலிலும் அனுப்புங்கள். இந்தப் புகார் பல டீலர்களைக் கவனிக்கும் ஏரியா சர்வீஸ் மேனேஜரிடம் போகும். டீலர் உண்மையில் பதில் சொல்ல வேண்டியது அவருக்குத்தான். மூன்றாம் நாள் காலை, திருப்பி அனுப்பிய அதே டீலரிடமிருந்து போன் வந்தது. “கொண்டு வாங்கய்யா, பாத்துருவோம்.” சட்டம் மாறவில்லை, வாரண்டி மாறவில்லை, புகார் எண் ஒன்றுதான் புதிதாக வந்திருந்தது.

சோதனையில் கசிவு கூலிங் காயிலில்தான் என்று தெரிந்தது. பாகம் ஒரே நாளில் வந்தது. வேலை செய்த பையன்களைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. டேஷ்போர்டின் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தனித்தனி டப்பாவில் போட்டு வைத்து, பொறுமையாக மாட்டினார்கள். இத்தனை நல்ல கையை வைத்துக்கொண்டு வாசலில் ஏன் அப்படி ஒரு பதில் என்பதுதான் ஆற்றாமை.

நியாயமான மறுப்புகளும் உண்டு. அதற்குச் சண்டை போடாதீர்கள். எலி கடித்த ஒயர் வாரண்டியில் வராது, இன்சூரன்ஸில் கேட்டுப் பார்க்கலாம். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் இது அடிக்கடி நடக்கும். ரிவர்ஸ் கேமரா, ஃபாக் லாம்ப் மாட்டக் கடையில் ஒயரை வெட்டி ஒட்டியிருந்தால், அந்த மின்சாரப் பகுதிக்கு மறுப்பார்கள். பேட்டரிக்கும் டயருக்கும் அவற்றைச் செய்த கம்பெனிகளே பொறுப்பு. வாங்கும்போது கட்டிய கூடுதல் வாரண்டி கம்பெனியுடையதா, டீலரே விற்ற தனித் திட்டமா என்று ரசீதைப் பாருங்கள். இரண்டாவது வகையானால் விற்ற டீலரோடு நின்றுவிடலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அதிகம் சறுக்குவது சர்வீஸ் தவணையில். ‘வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்தானே ஓடுது’ என்று விட்டுவிடுகிறோம். புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முன்னால் வருகிறதோ அது என்று இருந்தால், மாதம்தான் உங்களுக்குக் கணக்கு. அதைத் தவறவிட்டால் டீலருக்கு நல்ல காரணம் ஒன்றை நாமே கொடுத்ததாகும்.

‘வெளி மெக்கானிக்கிட்ட குடுத்துட்டீங்க, வாரண்டி போச்சு’ என்பது இன்னொரு பாட்டு. உதிரி பாக விற்பனைக் கட்டுப்பாடுகளுக்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது. வெளியில் வேலை பார்த்தார் என்பதற்காக மட்டுமே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்பதும் அந்த ஆணையில் இருந்தது. சிங்கப்பூரிலும் 2017-ல் போட்டி ஆணையம் தலையிட்ட பிறகு டீலர்கள் இத்தகைய நிபந்தனையை நீக்கினார்கள். வெளி வேலைதான் கோளாறுக்குக் காரணம் என்றால் அது வேறு. அப்படியானால் எந்த வேலை, எந்தப் பாகம் என்று டீலர் காட்டட்டும்.

கம்பெனியும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். சென்னையில் வாங்கினாலும் மதுரையில் குடியிருக்கும் அப்பா மதுரையிலேயே போடலாம். காலக்கெடு இரண்டு வருடம். கட்டணம் பொருளுக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தது: ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 200 ரூபாய், அதற்கு மேல் இருபது லட்சம் வரை 400 ரூபாய். வண்டி பெரியவர்கள் பெயரில் இருப்பதில் இது ஒரு லாபம். நாம் டிக்கெட் போட்டு வந்து நிற்க வேண்டியதில்லை.

கடைசியாக, வண்டியைத் திரும்ப எடுக்கும் அன்று அவசரப்படாதீர்கள். கேஸை எடை பார்த்து ஏற்றினார்களா என்று கேளுங்கள்; எத்தனை கிராம் என்பது பானட்டுக்குள் இருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். மேடு பள்ளமான தெருவில் ஒரு சுற்று ஓட்டி டேஷ்போர்டு கடகடக்கிறதா என்று கேளுங்கள். ஏ.சி.யை இருபது நிமிடம் ஓடவிட்டுக் கீழே குனிந்து பார்த்தால் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாமல் இடது பக்கக் கால் மேட் ஈரமாக இருந்தால் வடிகுழாயைச் சரியாக மாட்டவில்லை என்று அர்த்தம். அங்கேயே திருப்பிக் கொடுங்கள். பணம் கட்டாவிட்டாலும் பில் வாங்குங்கள். மாற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே வாரண்டி என்றும், கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்றும் இருக்க வேண்டும். எங்களுக்குக் கொடுத்த பில்லில் கேஸுக்கு மட்டும் தனியாகப் பணம் போட்டிருந்தார்கள். காயில் மாற்ற அவர்களே வெளியேற்றிய கேஸ் அது என்று சொன்னதும் அந்த வரியை அடித்துவிட்டு வேறு பில் எடுத்துக் கொடுத்தார்கள்.