சொந்த டொமைனுக்கு வரும் மின்னஞ்சல்: திருப்பிவிடுவதா, தனிப்பெட்டி வைப்பதா?

டொமைன் வாங்கிய கையோடு எழும் கேள்வி, அதன் பெயருக்கு வரும் மின்னஞ்சலை எங்கே இறக்குவது என்பதுதான். ஏற்கெனவே உள்ள ஜிமெயில் கணக்குக்குத் திருப்பிவிடலாம்; கட்டணம் கட்டி அஞ்சல்பெட்டி எடுக்கலாம்; வாடகை சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் அஞ்சல் மென்பொருளை நிறுவி நாமே நடத்தலாம். கடைசி வழியை ஒரு மாதம்தான் ஓட்டிப் பார்த்தேன் என்பதால் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அஞ்சலை வாங்குவதில் தொல்லை இருக்கவில்லை. சர்வர்கள் ஒன்றுக்கொன்று அஞ்சல் அனுப்பும் வாசலான 25ஆம் போர்ட்டைப் பல சர்வர் நிறுவனங்கள் அடைத்தே தருவதால், பதில் அனுப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது.

திருப்பிவிடுவதன் கவர்ச்சி வெளிப்படையானது. 2021இல் அறிமுகமான கிளவுட்ஃப்ளேரின் சேவை உட்பட, இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு முகவரி கொடுத்துவைத்தால், நம் முகவரியைக் கைமாற்றியவர் யார் என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாண்டுகள் நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். டொமைன் விற்றவரே தந்த சேவை அது. ஒரு சிறு நிறுவனம் அனுப்பிய ஒப்பந்தம் வரவே இல்லை. ஸ்பேம் பெட்டியிலும் இல்லை. ஒரு வாரம் கழித்து அவர்கள் தொலைபேசியில் கேட்ட பிறகுதான், அப்படி ஓர் அஞ்சல் புறப்பட்டதே எனக்குத் தெரிந்தது.

காரணம் ஏற்பாட்டிலேயே இருக்கிறது. ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர்கள் அஞ்சல் அனுப்பலாம் என்பதை எஸ்பிஎஃப் பதிவு சொல்கிறது. இடையில் நின்று திருப்பிவிடும் சர்வர் அந்தப் பட்டியலில் இருக்காது. உறைமேல் உள்ள அனுப்புநர் முகவரியைத் தன் பெயருக்கு மாற்றி எழுதி அது எஸ்பிஎஃப் சோதனையைத் தாண்டினாலும், கடிதத்துக்குள் இருக்கும் அனுப்புநரின் டொமைன் வேறாக இருப்பதால், இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் அந்தத் தேர்ச்சி செல்லாது. அஞ்சலைக் காப்பாற்றக்கூடியது, அனுப்புநரின் டொமைன் கடிதத்தில் இடும் டிகிம் என்னும் மின்கையொப்பம் ஒன்றுதான். அதுவும் வழியில் கடிதம் மாறாதிருந்தால்தான். அந்த நிறுவனம் கையொப்பமே இடாமல், சோதனையில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் கொள்கையை மட்டும் ‘நிராகரி’ என்று வைத்திருந்தது. பிழை அவர்களுடையது, ஒப்பந்தம் கிடைக்காமல் போனதோ எனக்கு.

தனிப்பெட்டியில், டொமைனுக்கு வரும் அஞ்சலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு நேரே அஞ்சல் சேவையையே காட்டுவதால், அனுப்பியவரின் சர்வரையே அது சோதிக்கிறது, நடுவில் ஆளில்லை. பதிலும் அதே டொமைன் பெயரில், முறையான கையொப்பத்துடன் போகிறது. ஆள்கணக்கில் கட்டணம் என்றாலும் ஒரே ஆளுக்குப் பல முகவரிகள் வைக்கலாம். கூகுள் ஒர்க்ஸ்பேஸில் அது 30 வரை. பெட்டியில் உள்ள கடிதங்களை வேறு செயலிகளிலிருந்தும் அணுக உதவும் ஐமேப் உண்டா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சோஹோவின் இலவசத் திட்டத்தில் அது கிடையாது. ஐமேப் இருந்தால், நாளை வேறிடம் போகும்போது பழைய கடிதங்களை அப்படியே நகலெடுத்துக் கொண்டுபோகலாம். பத்துப் பேர் வேலைசெய்யும் அலுவலகத்துக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகுமா என்பதை, ஒற்றைப் பெட்டிக்காரனான நான் சொல்ல இயலாது.

திருப்பிவிடுவதிலிருந்து தனிப்பெட்டிக்கு மாறும்போது நான் செய்த தவறு, பழைய எம்எக்ஸ் பதிவுகளில் ஒன்றை நீக்காமல் விட்டது. முன்னுரிமை எண் புதியதற்கும் அதற்கும் 10 என்றே இருந்ததால், இரண்டு நாள்களுக்குக் கடிதங்களில் ஒரு பகுதி பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. பதிவுகளை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லை முந்தைய நாளே 300 நொடிக்குக் குறைத்திருந்தது ஓரளவு கைகொடுத்தது. திருத்திய சில நிமிடங்களில் எல்லாம் புதிய பெட்டிக்கே வரத் தொடங்கின.

ஆண்டுக்கு நாலைந்து கடிதங்களே வரும் பழைய டொமைன் ஒன்றை மட்டும் இன்றும் திருப்பிவிட்டுத்தான் வைத்திருக்கிறேன். அதற்குப் பணம் கட்ட மனம் வரவில்லை.